பையனுக்கு வளைந்தது, பாட்டிக்கு ஏன் முறிந்தது?

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 63 வயது. தறி வேலை. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி ஒருக்களித்து விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்து முறிந்து, ஆபரேஷனும் ஆகிவிட்டது. ஆறு மாதம் முன்னால் எலும்பின் அடர்த்தி பார்க்க எடுத்த டெக்ஸா ஸ்கேனில் மைனஸ் 1.8 தான்; தேய்மானம் லேசாகத்தான் இருக்கிறது என்றார்கள். அதே மாதம் என் 7 வயதுப் பையன் கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். முன்கை எலும்பு வளைந்ததே தவிர இரண்டாகவில்லை. ஆந்திராவில் எலும்பு முறிவுக்கு நாட்டுக் கட்டுப் போடும் புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டோம், சரியாகிவிட்டது. அம்மாவையும் அங்கேயே கொண்டுபோயிருக்கலாம் என்று சொந்தக்காரர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். எலும்பு என்றால் சுண்ணாம்பு, சுண்ணாம்பு குறைந்தால் உடையும், அவ்வளவுதானே? அப்படியென்றால் ஸ்கேன் ஏன் பொய் சொன்னது?"

ஸ்கேன் பொய் சொல்லவில்லை தம்பி. அதற்கு எடை பார்க்கத் தெரியும், நெசவு பார்க்கத் தெரியாது. முப்பது வருடம் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது பள்ளிப்பட்டில் வீட்டோடு இருக்கிறேன். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பிலிருந்தே தொடங்கலாம். காடாற்றுக்குப் போயிருப்பீர்கள். பால் தெளித்து எலும்பு பொறுக்கும்போது பார்த்திருப்பீர்கள்: வெள்ளை வெளேரென்று இருக்கும், வடிவம்கூடக் கெட்டிருக்காது, ஆனால் இரண்டு விரலால் அழுத்தினால் பொடியாகிவிடும். அந்த எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து எங்கேயும் போகவில்லை. தீயில் போனது புரதமும் தண்ணீரும் மட்டும். சுண்ணாம்புதான் பலம் என்றால் சுடுகாட்டு எலும்புதான் உலகத்திலேயே கெட்டியான எலும்பாக இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான சோதனையை அடுப்படியிலேயே செய்யலாம். நாட்டுக்கோழிக் கால் எலும்பைச் சதை போகச் சுத்தம் செய்து ஒரு வாரம் வினிகரில் ஊறப்போடுங்கள். நடுவில் இரண்டு மூன்று தடவை வினிகரை மாற்றுங்கள். அமிலம் தாதுவை, அதாவது சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துவிடும், புரதம் நிற்கும். எடுத்துப் பார்த்தால் எலும்பு ரப்பர் மாதிரி வளையும். முறியாதுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு கோழி நிற்கவும் முடியாது. பையனுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாகும்.

உயிருள்ள எலும்பில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது. மீதி புரதமும் தண்ணீரும். அந்தப் புரதத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு கொலாஜன். இவை எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதற்குக் கம்பியும் கான்கிரீட்டும் என்று உவமை சொல்வார்கள். நானும் பல வருடம் அதைத்தான் சொன்னேன், ஆனால் எனக்கு அது பாதிதான் பிடிக்கும். கான்கிரீட் கம்பிக்கு வெளியே நிற்கிறது. எலும்பில் தாது நூலுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் அதற்கு நல்ல உவமை இருக்கிறது: பாவுக்குக் கஞ்சி போடுவது. கஞ்சி இழைக்குள் ஏறினால்தான் நூல் விறைத்து நிற்கும், தறியின் இழுப்பைத் தாங்கும். கஞ்சி கம்மியானால் துவளும், பிசிறு தட்டும். கூடிப்போனால் மொடமொடவென்று விறைத்து அறுந்துகொண்டே இருக்கும்.

கொலாஜன் மூலக்கூறு என்பது மூன்று புரி சேர்த்து முறுக்கிய நூல். நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இந்த நூல்கள் ஒன்றின் தலைக்கு நேராக இன்னொன்றின் தலை வராதபடி, 67 நானோமீட்டர் தள்ளித்தள்ளி, செங்கல் கட்டுவதுபோல அடுக்கப்படுகின்றன. நுனிக்கும் நுனிக்கும் நடுவில் சின்னச் சின்ன இடைவெளிகள் விழும். அந்த இடைவெளிகளிலும் நூலைச் சுற்றியும் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் தகடு தகடாக உட்காருகின்றன. ஒரு தகட்டின் தடிமன் சில நானோமீட்டர்தான். இவ்வளவு சின்னதாக இருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. சாக்பீஸ் உடைவது அதற்குள் ஏற்கனவே இருக்கும் விரிசலால். இத்தனை மெல்லிய தகட்டுக்குள் பெரிய விரிசல் இருக்க இடமே கிடையாது. பாரம் வரும்போது நூல் கொஞ்சம் நீளும், தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று இம்மி நகரும், நடுவில் பசைபோல இருக்கும் வேறு சில புரதங்கள் அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். அடியின் வேகம் இப்படிப் பல இடத்தில் செலவாகிப் போகிறது.

கஞ்சி எவ்வளவு இருக்க வேண்டும்? இங்கிலாந்தில் ஜான் கரே என்ற உயிரியலாளர் 1979இல் மூன்று எலும்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்: மான் கொம்பு, மாட்டுத் தொடை எலும்பு, திமிங்கிலத்தின் காதெலும்பு. தாதுவின் அளவு கொம்பில் 59 சதவீதம், தொடையில் 67, காதெலும்பில் 86. விறைப்பில் காதெலும்புதான் முதல். உடைக்க எவ்வளவு சக்தி செலவாகிறது என்று பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. மான் கொம்பை உடைக்க, காதெலும்பை உடைப்பதைப்போல முப்பது மடங்கு சக்தி வேண்டியிருந்தது. கொம்பு முட்டுவதற்கு, அதனால் உடையக்கூடாது. காதெலும்பு ஒலியைக் கடத்துவதற்கு, அதன்மேல் யாரும் ஏறி நிற்கப்போவதில்லை. தொடை எலும்பு பாரமும் தாங்கவேண்டும், அடியும் வாங்கவேண்டும், அதனால் நடுவில் நிற்கிறது. உங்கள் பையனுடைய எலும்பு கொஞ்சம் மான் கொம்பு பக்கம் சாய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியாத விஷயம். இனி சொல்லப்போவதைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். எனக்கு எலும்பின்மேல் ஆசை வந்ததே அங்கேதான்.

மாணவனாக இருந்தபோது எலும்பைத் தேய்த்துச் சீவல் தயாரிக்கச் சொல்வார்கள். காய்ந்த எலும்பை ரம்பத்தால் வில்லையாக அறுத்து, சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்துத் தேய்த்து விரல் நுனித் தோல் போய்விடும். எப்போது போதும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அட்டெண்டர் அளவுகோல் எதுவும் காட்டவில்லை. செய்தித்தாளின்மேல் சீவலை வைத்து எழுத்தை வாசிக்க முடிந்தால் போதும் என்றார். அதைக் கண்ணாடியில் ஒட்டி லென்ஸில் பார்த்தேன். திண்ணையில் வெட்டிப்போட்ட விறகின் வளையங்கள் மாதிரி நூற்றுக்கணக்கான வட்டங்கள், ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஓட்டை. வளையங்களுக்கு நடுவே குட்டிச் சிலந்திகள் மாதிரி கருப்புப் புள்ளிகள், நாலா பக்கமும் கால் நீட்டிக்கொண்டு. கல் என்று நினைத்திருந்த பொருளுக்குள் ஒரு ஊர் இருந்தது.

அந்த வட்டம் ஒவ்வொன்றும் ஒரு குழாயின் குறுக்குவெட்டு. பெயர் ஆஸ்டியான். குறுக்களவு கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நீளம் சில மில்லிமீட்டர், எலும்பின் நீளவாக்கில் ஓடும். நடுவில் உள்ள ஓட்டை வழியாக ரத்தக்குழாயும் நரம்பும் போகும். 1691இல் கிளாப்டன் ஹேவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதை விவரித்து எழுதியதால் ஹேவர்ஸ் கால்வாய் என்று பெயர். வளையம் ஒவ்வொன்றும் சில மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனுள்ள ஓர் அடுக்கு. ஓர் அடுக்குக்குள் கொலாஜன் நூல்கள் ஒரே போக்கில் படுத்திருக்கும், பக்கத்து அடுக்கில் வேறு போக்கில் திரும்பியிருக்கும். பிளைவுட்டில் பலகைத் தாள்களை மாற்றி மாற்றி ஒட்டுவதும் இதே யோசனைதான். ஒரே திசையில் நார் ஓடும் மூங்கிலை நீளவாக்கில் கத்தி வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துவிடும். பிளைவுட்டை அப்படிப் பிளக்க முடியாது.

ஒவ்வொரு ஆஸ்டியானையும் சுற்றி ஒரு மெல்லிய எல்லை இருக்கிறது. அதற்குச் சிமென்ட் கோடு என்றே பெயர். பெயரைப் பார்த்து அதுதான் ரொம்பக் கெட்டி என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது கெட்டியா இல்லையா என்பதைவிட, அங்கே ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். குறுக்கே ஓடிவருகிற விரிசல் அந்த எல்லைக்கு வந்ததும் நேரே போவதைவிட எல்லை ஓரமாகத் திரும்புவது சுலபம் என்று திரும்பிவிடும். கொஞ்ச தூரம் போய் அடுத்த ஆஸ்டியானில் முட்டி மறுபடி திரும்பும். இப்படி வளைந்து வளைந்து போவதிலேயே அதன் வேகம் தீர்ந்துவிடுகிறது. விரிசலுக்குப் பின்னால் அறுபடாமல் நிற்கும் கொலாஜன் நூல்கள், கிழிந்த துணியில் மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கும் இழைகள் மாதிரி இரண்டு கரையையும் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. வேப்பங்குச்சியை ஒடித்தால் உடனே கையோடு வராமல் நார் தொங்குமே, அதே கதை.

எண்களில் சொல்வதானால், தொடை எலும்பின் கெட்டிப் பகுதியை நீளவாக்கில் அழுத்தினால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 190 நியூட்டன் வரை தாங்குகிறது. வீட்டுக்கு எம் 20 கான்கிரீட் போடுகிறோமே, அதன் கணக்கு 20 நியூட்டன்தான். நீளவாக்கில் இழுத்தால் எலும்பு 130 அளவு தாங்கும். ஆனால் அதே எலும்பைக் குறுக்குவாக்கில் இழுத்துப் பாருங்கள், 50இல் விட்டுவிடும். நம் எலும்பு எல்லாத் திசையிலும் பலமானது இல்லை. எந்தத் திசையில் தினமும் பாரம் வருகிறதோ அந்தத் திசைக்கு நெய்யப்பட்டது. அம்மா விழுந்த விதத்துக்கு இது பிறகு தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்வது யார்? அந்தச் சிலந்திகள் கட்டளை போடுகின்றன. அவை வெறும் புள்ளிகள் இல்லை, எலும்புக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும் ஆஸ்டியோசைட் செல்களின் அறைகள். எலும்பில் உள்ள செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேல் இவைதான். ஒரு மனிதனின் எலும்புக்கூட்டில் சுமார் 4,200 கோடி இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இவற்றின் கால்கள் மயிரிழையைவிட நுண்ணிய கால்வாய்கள் வழியாகப் பக்கத்து செல்லைத் தொடுகின்றன. நாம் ஓர் அடி எடுத்து வைத்தால் எலும்பு இம்மி அளவு வளைகிறது. அந்த வளைவில் கால்வாய்களுக்குள் இருக்கும் நீர் நகர்கிறது. நீர் நகர்ந்தால் செல்லுக்குத் தெரிந்துவிடும், இங்கே பாரம் வருகிறது என்று. நகராவிட்டால் அதுவும் தெரியும். நகராத இடத்தில் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை அதிகமாக விட்டு, இங்கே எலும்பு கட்ட வேண்டாம் என்று நிறுத்திவிடும். இந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்து 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கட்டளைப்படி இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் பழைய எலும்பைக் கரைத்துச் சுரங்கம் வெட்டிக்கொண்டே போகும். பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் கூட்டம் சுரங்கத்தின் சுவரில் புது அடுக்குகளைப் பூசிக்கொண்டே வரும். வெட்டுவதற்கு இரண்டு மூன்று வாரம், பூசுவதற்கு மூன்று நான்கு மாதம். உடைப்பது சீக்கிரம், கட்டுவது நாளாகும் என்பது எலும்புக்கும் பொருந்தும். நுண்ணோக்கியில் நான் பார்த்த வட்டங்கள் ஒவ்வொன்றும் இப்படி வெட்டிப் பூசி முடித்த ஒரு சுரங்கம். வளர்ந்த ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு புதுசாகிறது. தினசரி நடையில் விழும் நுண்விரிசல்கள் சேர்ந்து பெரிதாகாமல் இருப்பது இந்தப் பழுதுபார்ப்பால்தான். ராட்டினம் மாதிரி ஓடும் இந்த வேலையில் மாதவிடாய் நின்ற பிறகு ஒரு கோளாறு வருகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் வெட்டுகிற கூட்டம் பெருகி, அதிக நாள் உயிரோடிருந்து, ஆழமாக வெட்டிவிடுகிறது. பூசுகிற கூட்டத்தால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

அந்த வெட்டு அதிகம் பாதிப்பது எலும்பின் வெளிச்சுவரைவிட உள்ளே இருக்கும் பஞ்சுப் பகுதியை. முதுகெலும்பின் வில்லைகளிலும், தொடை எலும்பின் தலை, கழுத்துப் பகுதியிலும் இதுதான் நிறைய. பஞ்சு என்றால் மெத்தை இல்லை, எலும்பினாலேயே ஆன கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள தூண்களும் தகடுகளும் பின்னிய கட்டுமானம். 1866 வாக்கில் சூரிச் நகரத்தில் ஹெர்மன் வான் மேயர் என்ற உடற்கூறியல் பேராசிரியர் தொடை எலும்பை நெடுக்காக அறுத்து வைத்திருந்ததைக் கார்ல் குல்மன் என்ற பொறியாளர் பார்த்தார். பாரம் தூக்கும் கிரேனுக்குள் விசை எந்தெந்தக் கோடுகளில் ஓடும் என்று அவர் வரைந்த படமும், அந்த எலும்புத் தூண்களின் வளைவுகளும் ஒத்துப்போயின. பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை அமைத்துக்கொள்கிறது என்று யூலியஸ் வோல்ஃப் 1892இல் விதியாகவே எழுதினார். ஈஃபில் கோபுரமே தொடை எலும்பைப் பார்த்துக் கட்டியதுதான் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். கோபுரத்தை வடிவமைத்த மொரீஸ் கோஷ்லின் குல்மனிடம் படித்தவர் என்பது உண்மை. அதற்குமேல் சொல்வது அலங்காரம்.

இந்தப் பின்னலில் எவ்வளவு போனால் எவ்வளவு பலம் போகும்? இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பஞ்சு எலும்பின் பலம் அதன் அடர்த்தியின் வர்க்கத்தோடு போகிறது என்று கார்ட்டர், ஹேய்ஸ் இருவரும் 1977இல் காட்டினார்கள். அடர்த்தியில் பத்துக்கு மூன்று பங்கு போய் ஏழு மிஞ்சினால், பலம் ஏழு பங்கு மிஞ்சாது. ஏழேழு நாற்பத்தொன்பது, நூற்றுக்குப் பாதிதான் மிஞ்சும். இதிலும் எந்தத் தூண் போனது என்று பார்க்க வேண்டும். முதுகெலும்பில் முதலில் அறுந்துபோவது நெட்டுத் தூண்கள் அல்ல, அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள். சாரம் கட்டுகிறவர்களைக் கேளுங்கள். சவுக்குக் கம்பங்கள் எல்லாம் அப்படியே இருக்க, நடுவில் ஒரு குறுக்குக் கழியை மட்டும் அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? பிடிப்பில்லாத நீளம் இரட்டிப்பானால் கம்பம் வளையாமல் தாங்கும் பாரம் நாலில் ஒன்றாகிவிடும். எடைபோட்டால் ஒரு கழிதான் குறைந்திருக்கும். மருந்து கொடுத்தால் மிச்சமிருக்கும் தூண்கள் தடிக்கலாம், ஆனால் அறுந்துபோன பிணைப்பு திரும்ப வருவது அபூர்வம். அதனால்தான் சீக்கிரமே கவனியுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்கிறோம்.

இப்போது அம்மாவிடம் வருவோம்.

டெக்ஸா ஸ்கேன் செய்வது, எக்ஸ்ரேயை எலும்பு எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, ஒரு சதுர சென்டிமீட்டர் நிழலுக்குள் எத்தனை கிராம் தாது இருக்கிறது என்று கணக்கிடுவது. இளவயதுச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் மைனஸ் 1.8. மைனஸ் 2.5ஐத் தொட்டால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புத் தேய்மான நோய் என்று பெயர் வைப்பார்கள். லேசாக விழுந்து எலும்பு முறிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கோட்டைத் தொடாதவர்கள்தான். கோட்டைத் தொடாதவர்கள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பது ஒரு காரணம். நிழலின் எடைக்குள் தூண்கள் இணைந்திருக்கின்றனவா, வெளிச்சுவரில் துளைகள் பெருத்திருக்கின்றனவா, நூல் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் தெரியாது என்பது இன்னொரு காரணம்.

அம்மாவுக்கு நூலிலேயே சிக்கல் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பதினைந்து வருடச் சர்க்கரை. ரத்தத்தில் மிதமிஞ்சிய குளுகோஸ் கொலாஜன் நூல்களில் ஒட்டி, பக்கத்து நூலோடு வேண்டாத முடிச்சுகளைப் போட்டுவிடுகிறது. தோசை ஓரம் சிவந்து முறுகுவதும் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து செய்யும் இதே வகை ரசாயனம்தான். உடம்பில் அது வருடக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. முடிச்சு விழுந்த நூலால் நீள முடியாது, வழுக்கி நகர முடியாது. விரிசலை இழுத்துப் பிடிக்கும் இழைகள் இருந்தும் பயனில்லாமல் போகின்றன. கூடவே சர்க்கரை உள்ளவர்களுக்கு எலும்பைப் புதுப்பிக்கும் வேலையும் மந்தமாகிவிடும், முடிச்சு விழுந்த பழைய நூல் அப்படியே தங்கிவிடும். இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு டெக்ஸா எண் மற்றவர்களைவிட நன்றாகவே இருக்கும், முறிவு மட்டும் அதிகமாக வரும். அந்த மைனஸ் 1.8ஐ மைனஸ் 1.8ஆகப் படிக்கக் கூடாது. கிராமத்தில் முருங்கை மரத்தில் ஏறாதே என்பார்கள். பார்க்கத் தடியாகத்தான் இருக்கும், முன்னறிவிப்பே இல்லாமல் படாரென்று முறியும்.

அடுத்தது விழுந்த விதம். நடக்கும்போது தொடை எலும்பின் கழுத்தில் கீழ்ப்பக்கம் அழுத்தம், மேல்பக்கத்துக்கு வேலை குறைவு. அறுபது வருட நடையில் கீழ்ச்சுவர் தடித்து நிற்கும். வேலை குறைவான மேல்சுவர் வயதோடு மெலிந்துகொண்டே வந்து தாள்போல ஆகிவிடும். ஒருக்களித்து இடுப்பில் விழும்போது எல்லாம் தலைகீழ்: அந்த மெல்லிய மேல்சுவர்மேல் திடீரென்று நசுக்கும் பாரம் இறங்குகிறது. முறிவு அங்கேதான் தொடங்கும். நடப்பதற்காக நெய்த எலும்பை விழுவதற்குப் பயன்படுத்திவிட்டோம்.

தாது கூடினால் பலம் கூடும் என்ற எண்ணத்துக்கு மருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கே நெல்லூர்ப் பக்கம், அப்போது சென்னை ராஜதானி, கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் ஆட்கள் முதுகு விறைத்து, குனிய முடியாமல் முடங்கிப்போனதை 1937இல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். இந்தியாவில் இந்த எலும்பு நோயைப் பற்றி வந்த முதல் அறிக்கை அது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் தண்ணீரைக் கொண்டுவந்ததும் இதே ஃபுளோரைடுக்காகத்தான். இவர்களுடைய எக்ஸ்ரே சுண்ணாம்பு அடித்ததுபோல வெளேரென்று அடர்த்தியாக இருக்கும். படிகத்துக்குள் ஃபுளோரைடு புகுந்து அதன் அமைப்பையே மாற்றிவிடுவதால் எடை கூடியும் எலும்பு உதவாமல் போகிறது. இது தெரிந்தும், அடர்த்தி கூடுகிறதே என்று அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களுக்கு நான்கு வருடம் சோடியம் ஃபுளோரைடு, மருந்தில்லாத மாத்திரை என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் முடிவு வந்தது. ஃபுளோரைடு எடுத்தவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியிருந்தது. முதுகெலும்பு முறிவு சொல்லும்படி குறையவில்லை. கை, கால், இடுப்பு முறிவுகள் கூடியிருந்தன.

பையன் விஷயம் சுலபம். குழந்தை எலும்பில் கஞ்சி கம்மி, நூல் அதிகம், மேலே போர்த்தியிருக்கும் எலும்புறை பட்டைபோலத் தடிமன். ஒரு பக்கம் விரிசல் விட்டு மறுபக்கம் வளைந்து நிற்கும். பச்சைக் குச்சி முறிவு என்றே மருத்துவத்தில் பெயர். உறை கிழியாததால் அது தானே ஒரு கட்டுப்போல எலும்பைப் பிடித்துக்கொள்ளும். வேகமாக ஆறும், கொஞ்சம் கோணல் இருந்தாலும் வளர வளர நிமிர்ந்துவிடும்.

இதனால்தான் புத்தூர் கட்டைப் பற்றி நான் கேலி பேசுவதில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் யாராவது ஒருவர் மூலிகைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணிச்சுற்று என்று அங்கே கட்டிக்கொண்டு வந்திருப்பார். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும், பிறகு குருத்தெலும்புப் பாலம், பிறகு அவசரத்துக்குப் போட்ட முரட்டு எலும்பு. அந்த முரட்டு எலும்பில் நூல்கள் ஒழுங்கில்லாமல் தாறுமாறாகக் கிடக்கும்; நேர்த்தியான அடுக்குகளாக மாற மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். இத்தனைக்கும் தேவை, எலும்பு நேராக நிற்பதும் அதிகம் அசையாமல் இருப்பதும்தான். தப்பை அதைச் செய்கிறது. மூலிகை என்ன செய்கிறது என்பதைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை, என் மாமியார் வீடு புத்தூருக்குப் பக்கத்து நகரி. ஒன்று மட்டும்: எக்ஸ்ரே பார்க்காமல் கட்டக் கூடாது. கட்டிய பிறகு விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, யார் என்ன சொன்னாலும் உடனே கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அம்மாவுக்கு அந்தக் கட்டு ஏன் சரிவராது என்பதைச் சொந்தக்காரர்களிடம் இப்படிச் சொல்லுங்கள். தொடை எலும்பின் கழுத்து மூட்டுப் பைக்குள் இருக்கிறது. முன்கை எலும்புக்கு இருப்பதுபோல எலும்பு கட்டும் உறை அங்கே கிடையாது. அதனால் வெளிப்பக்கம் முரட்டு எலும்புப் பாலம் வளரவே வளராது. எலும்புத் தலைக்கு ரத்தம் கழுத்தின் மேலாக ஓடும் சின்னக் குழாய்கள் வழியாகத்தான் பெரும்பாலும் போகிறது. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுந்து, தலை உயிரிழந்துபோகலாம். போதாததற்கு, இடுப்புக்குள் இருக்கும் முறிவை வெளியிலிருந்து தப்பை வைத்து அசையாமல் பிடிக்க முடியாது. படுக்கையில் போட்டுக் காத்திருந்தால் படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு. நீங்கள் ஆபரேஷனுக்குச் சம்மதித்தது சரி.

இனி என்ன செய்வது? கால்சியம் மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் எழுதியிருந்தால் வைட்டமின் டியோடு சேர்த்துக் கொடுங்கள். ஆனால் கஞ்சி மட்டும் வாங்கி வைத்துவிட்டுத் தறியை நிறுத்திவிட்டால் துணி வராது. எலும்பை வெட்டும் கூட்டத்தை அடக்கும் மருந்து தேவையா என்று எலும்பு டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். ஒருமுறை லேசான விழுகையில் இடுப்பு முறிந்துவிட்டாலே ஸ்கேன் எண் எதுவாக இருந்தாலும் மருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. ஆபரேஷனோடு கதை முடிந்தது என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவேண்டும், ஆனால் இறங்கித் தலைசுற்றும் அளவுக்கு இல்லை. தலைசுற்றினால் மறுபடி விழுவார்.

நடக்க அனுமதித்த பிறகு நடக்கச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் வேண்டாம். 1984இல் சேவல்களின் இறக்கை எலும்பில் ரூபின், லேன்யன் இருவரும் செய்த சோதனையில், எலும்பை ஒரு நாளைக்கு நான்கே தடவை வளைத்தாலே தேய்மானம் நின்றது. 36 தடவையில் எலும்பு வளர்ந்தது, 1,800 தடவை வளைத்தும் அதற்குமேல் பலன் கூடவில்லை. சேவல் வேறு, மனுஷி வேறுதான். ஆனாலும் அந்தச் சிலந்திகளுக்குக் கொஞ்சமாக, அடிக்கடி செய்தி போனால் போதும் என்பதை நான் நம்புகிறேன். திருத்தணி மலையின் 365 படியும் ஏறுவேன் என்று அம்மா அடம்பிடித்தால் இந்த வருடம் வேண்டாம், வண்டியில் கூட்டிப்போங்கள். வீட்டு வாசல்படி போதும், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்துக் கொடுங்கள். துவைக்கிற கல்லைச் சுற்றிப் படிந்திருக்கும் பாசியை இந்த வாரமே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.